பழைய சின்ன காருக்கு பெரிய கார்ப்ரேட்டர் இன்ஜின் மாத்தணும்னா முதல்ல அளக்குற டேப்பை எடுங்க

இன்ஜினை தூக்கி உள்ள இறக்குறது இந்த வேலைல சின்ன பகுதி தான். செயின் பிளாக்கும் ரெண்டு பேரும் இருந்தா ஒரு நாள்ல முடிஞ்சிடும். அதுக்கு முன்னாடி எந்த இன்ஜின்னு முடிவு பண்றது, பிரேக்க சரி பண்றது, இறக்கினதுக்கு அப்புறம் கிளட்ச், கூலிங், பெட்ரோல் லைன், ட்யூனிங் எல்லாம் சரி பண்றது, இதுல தான் வேலையே இருக்கு, பாதி பேர் காரை பாதில நிறுத்தி கவர் போட்டு மூடுறதும் இந்த இடத்துல தான். அதனால நான் இன்ஜின் இறக்குறத பத்தி கொஞ்சமாவும் மத்தத பத்தி நிறையவும் எழுதுறேன்.

எந்த இன்ஜின் எடுக்கலாம்னு கேட்டா என் பதில் எப்பவும் ஒண்ணு தான், உங்க இன்ஜினோட அண்ணன் யாருன்னு பாருங்க, அதாவது அதே குடும்பத்துல பெரிய சிசில வந்தது. டொயோட்டா கே சீரிஸ்ல 3கே 1166 சிசி, 4கே 1290, 5கே 1486. டட்சன்ல ஏ12 1171 சிசி, ஏ14 1397, ஏ15 1488. பிரிட்டிஷ் ஏ சீரிஸ்ல 803ல ஆரம்பிச்சு 948, 1098, 1275 வரைக்கும் போகும். ஒரே குடும்பமா இருந்தா மவுன்ட் இடமும் பெல்ஹவுசிங் (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற கூடு) ஓட்டையும் பெரும்பாலும் ஒத்து வரும், ஸ்பேர்ஸ் கிடைக்கும், கார் பாக்க ஒரிஜினல் மாதிரியே இருக்கும். வேற கம்பெனி இன்ஜின் பவர்ல இன்னும் அதிகமா இருக்கலாம் ஆனா அடாப்டர் பிளேட், புது மவுன்ட், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸ்ல இருந்து பின்னாடி டிஃபரன்ஷியலுக்கு போற தண்டு) வெட்டி ஒட்டுறது, ஸ்டியரிங்ல இடிக்கிற சைலன்சர்னு ஒவ்வொண்ணும் லேத்துக்கும் வெல்டிங்குக்கும் இழுத்துட்டு போகும். முதல் தடவை பண்றவங்க அந்த பக்கம் போகாதீங்க.

ஒரே குடும்பம்னாலும் கண்ண மூடிட்டு வாங்கிடாதீங்க. ஏ14, ஏ15 ரெண்டுக்கும் பிளாக் உயரம் ஏ12ஐ விட சுமார் 15 மிமீ அதிகம், அதனால ஏர் க்ளீனர் பானெட்ல இடிக்குமான்னு பாக்கணும், சைலன்சர் பைப் சேர்ற இடமும் மேல ஏறிடும். மாரிஸ் மைனர்ல 1275 போடுறவங்க நீளவாட்டுல உக்கார்ற வண்டில வந்த இன்ஜினா தேடுவாங்க, மினில குறுக்க உக்காந்திருந்த 1275 அப்படியே நேரா மாட்டாது. இந்த மாதிரி சின்ன வித்தியாசம் தான் பின்னாடி பெரிய செலவாகும்.

அதனால டேப். பழைய இன்ஜின் கார்லயே இருக்கும்போது அளவெடுங்க, மவுன்ட் போல்ட்டுக்கு நடுவுல தூரம், ஃபேன் நுனில இருந்து ரேடியேட்டர் வரைக்கும், ராக்கர் கவர் மேல இருந்து பானெட் வரைக்கும், சம்ப்ல (இன்ஜின் அடில இருக்கிற ஆயில் தொட்டி) இருந்து கீழ இருக்கிற கிராஸ் மெம்பர் (குறுக்கு சட்டம்) வரைக்கும், எல்லாம் ஒரு நோட்ல படம் வரைஞ்சு எழுதிக்கோங்க. பானெட் இடைவெளிக்கு ஒரு நல்ல வழி, ஏர் க்ளீனர் மூடி மேல களிமண் உருண்டை வச்சு பானெட்ட மெதுவா மூடி திறங்க, நசுங்கின உயரம் தான் உங்களுக்கு இருக்கிற இடம். அந்த நோட்ட எடுத்துட்டு போய் புது இன்ஜின அளந்து பாத்துட்டு காசு குடுங்க. சம்ப் ரொம்ப முக்கியம், சில இன்ஜின்ல பள்ளம் முன்னாடி இருக்கும் சிலதுல பின்னாடி இருக்கும், தப்பான பக்கம் இருந்தா ஸ்டியரிங் ராட்லயோ கிராஸ் மெம்பர்லயோ உக்காந்துடும். பழைய சம்ப்பை மாத்தி போடலாம் ஆனா உள்ள இருக்கிற ஆயில் பிக்கப் பைப்பும் டிப்ஸ்டிக்கும் கூடவே மாறணும், இல்லன்னா டிப்ஸ்டிக் ஃபுல் காட்டும், உள்ள பம்ப் காத்த உறிஞ்சிட்டு இருக்கும்.

இன்ஜின் ஓடுற நிலைமைல பாக்க முடிஞ்சா பாருங்க. சூடானதுக்கு அப்புறம் நாலு பிளக்கும் கழட்டி, காயில் வயர எடுத்துட்டு, ஆக்ஸிலரேட்டர் முழுசா மிதிச்சு வச்சு கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணுங்க. இந்த வகை பெட்ரோல் இன்ஜின்ல 150ல இருந்து 180 பிஎஸ்ஐக்குள்ள வந்தா சந்தோஷம், ஆனா நம்பர விட சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம் தான் முக்கியம், பத்து சதவீதத்துக்கு மேல போச்சுன்னா யோசிங்க. குறைவா இருக்கிற சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு திரும்ப பாருங்க, அளவு ஏறினா பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர் போரோ தேஞ்சிருக்கு, ஏறலன்னா வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ தான். ஆயில் மூடிய திறந்து பாத்தா பால் கலந்த காபி மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்கு, விட்டுடுங்க. முடிஞ்சா கார்ப்ரேட்டர், மேனிஃபோல்ட், டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்நேட்டர், ஸ்டார்ட்டர், ஃப்ளைவீல், எல்லா பிராக்கெட்டோடயும் சேத்து ஒரே வண்டில இருந்து வாங்குங்க. அஞ்சு இடத்துல அஞ்சு பார்ட் தேடுறத விட ரொம்ப லாபம்.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டில இருந்து வந்த இன்ஜினா இருந்தா ஒரு விஷயம். அதுல ஃப்ளைவீல் (கிளட்ச் உக்கார்ற கனமான சக்கரம்) இருக்காது, மெல்லிசான ஃப்ளெக்ஸ் பிளேட் தான் இருக்கும், கிராங்க் பின்பக்க ஓட்டைல ஸ்பிகாட் புஷ்ஷும் பெரும்பாலும் இருக்காது. மேனுவல் கியர்பாக்ஸோட ஷாஃப்ட் நுனி அந்த புஷ்ல தான் நிக்கும், அத போடாம மாட்டிட்டா கிளட்ச் சரியா விடாது, கியர்பாக்ஸ் பேரிங்கும் சீக்கிரம் போயிடும்.

வாங்கிட்டு வந்ததும் அவசரப்பட்டு மாட்டாதீங்க. வெளிய இருக்கும்போதே ரியர் ஆயில் சீல், வாட்டர் பம்ப், டைமிங் செயினோ பெல்ட்டோ, கோர் பிளக் (பிளாக்ல இருக்கிற ஓட்டைய அடைக்கிற தகடு மூடி), எல்லா கேஸ்கெட்டும் மாத்திடுங்க. ஒரு சின்ன சீலுக்காக திரும்ப இன்ஜின வெளிய எடுக்குற கொடுமை யாருக்கும் வேணாம்.

பழச வெளிய எடுக்குறது பெரிய விஷயம் இல்ல, ஆனா வரிசை முக்கியம். முதல்ல பேட்டரி மைனஸ கழட்டுங்க. பெட்ரோல் லைன அடைச்சு வைங்க, கூலண்ட், ஆயில் வடிச்சிடுங்க, பவுடர் தீயணைப்பான் கை எட்டுற தூரத்துல இருக்கட்டும். வயர், ஹோஸ் ஒவ்வொண்ணுக்கும் ஒட்டுற டேப் சுத்தி பேர் எழுதுங்க, போட்டோவும் எடுங்க. வண்டி ஸ்டாண்ட்ல நிக்கணும், ஜாக்க மட்டும் நம்பி அடில படுக்காதீங்க, தொங்குற இன்ஜினுக்கு கீழ கையோ காலோ வைக்காதீங்க. முடிஞ்சா இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேத்து ஒண்ணா எடுங்க, மாட்டும்போதும் ஒண்ணா மாட்டுங்க, கார் அடில படுத்துட்டு கியர்பாக்ஸ தனியா நெஞ்சுல தாங்கி ஷாஃப்ட்ட கிளட்ச் டிஸ்க் நடுவுல இருக்கிற பல்லு ஓட்டைல (ஸ்ப்ளைன்) நுழைக்கிறது ரொம்ப கஷ்டம். இன்ஜின் எடுத்ததும் காலியான இடத்துல துரு, கிராக் இருக்கான்னு மவுன்ட் இடத்த சுரண்டி பாருங்க, பெரிய இன்ஜினோட டார்க் அந்த தகடு மேல தான் விழ போகுது.

இப்ப கிளட்ச். ஃப்ளைவீலும் கிளட்ச் கவரும் இன்ஜின் பக்கம் சொந்தம், டிஸ்க்கோட நடு ஸ்ப்ளைன் கியர்பாக்ஸ் பக்கம் சொந்தம். இன்ஜின் பெருசு கியர்பாக்ஸ் பழசுன்னா பெரிய டிஸ்க் வேணும் ஆனா ஸ்ப்ளைன் பழைய ஷாஃப்ட்டுக்கு பொருந்தணும், இதுக்காக பல்லு எண்ணி பாத்து வாங்குங்க. ஃப்ளைவீல் ரிங் கியர் பல்லும் ஸ்டார்ட்டர் பல்லும் பொருந்தணும். ரிலீஸ் பேரிங் (பெடல மிதிச்சா கிளட்ச்ச விடுவிக்கிற பேரிங்) கிளட்ச் கவரோட விரல தொடுற உயரத்துல இருக்கணும். பெல்ஹவுசிங்ல ரெண்டு டோவல் பின் இருக்கான்னு கட்டாயம் பாருங்க, போல்ட் இறுக்கத்தான், சென்டர் பண்றது அந்த பின் தான். அப்புறம் கியர்பாக்ஸ இன்ஜினோட சேக்கும்போது கடைசி ஒரு விரல் இடைவெளி மூட மாட்டேங்குதுன்னு போல்ட்ட இறுக்கி இழுக்காதீங்க. டிஸ்க் சென்டர்ல இல்ல, இல்லன்னா ஷாஃப்ட் நீளம் அதிகம், ரெண்டுல ஒண்ணு தான். இழுத்தா பெல்ஹவுசிங் காது உடையும்.

பழைய கியர்பாக்ஸ் தாங்குமான்னு கேப்பீங்க. முப்பது நாப்பது சதவீதம் பவர் ஏறினா நிதானமா ஓட்டுற கைல பெரும்பாலும் தாங்கும், சிக்னல்ல கிளட்ச்ச டப்புன்னு விடுற கைல தாங்காது. பெரிய இன்ஜினோட வந்த கியர்பாக்ஸே கிடைச்சா அத தான் எடுப்பேன், அப்ப ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளம், கியர் லீவர் வர்ற இடம், ஸ்பீடோமீட்டர் கேபிள் மூணும் சரி பாக்கணும். பின்னாடி டிஃபரன்ஷியல் ரேஷியோவும் கவனிங்க, சின்ன இன்ஜினுக்கு குட்டையான ரேஷியோ போட்டிருப்பாங்க, அதோட பெரிய இன்ஜின் ஓட்டினா பிக்கப் அள்ளும் ஆனா ஹைவேல இன்ஜின் கத்திட்டே இருக்கும்.

மவுன்ட் புதுசா செய்யறதா இருந்தா இன்ஜின கியர்பாக்ஸோட சேத்து சரியான இடத்துல கட்டைல நிறுத்தி, எல்லா பக்கமும் இடைவெளி பாத்து, முதல்ல சும்மா பாயிண்ட் வெல்டிங் மட்டும் வைங்க. சைலன்சர் மேனிஃபோல்ட், ஸ்டியரிங் ராட், ரேடியேட்டர் ஒரு தடவை மாட்டி பாத்துட்டு தான் முழு வெல்டிங். ரப்பர் மவுன்ட் கட்டாயம், இரும்போட இரும்பு வச்சு இறுக்கினா அதிர்வுல பாடியே கிராக் விடும். ரப்பர் இருந்தா இன்ஜின் ஆடும், அதனால ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் ரெண்டு மூணு சென்டிமீட்டராவது விடுங்க, பிரேக் அடிக்கும்போது இன்ஜின் முன்னாடி வரும். ரியர் வீல் டிரைவ் வண்டில கியர்பாக்ஸ் பின் நுனி சாய்வும் டிஃபரன்ஷியல் முன் நுனி சாய்வும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கணும், இல்லன்னா ஒரு வேகத்துல வண்டி நடுங்கும், எத்தனை தடவை பேலன்ஸ் பண்ணாலும் போகாது.

நிறைய பேர் மறக்கிறது எர்த் பட்டை. இன்ஜின் ரப்பர் மேல உக்காந்திருக்கு, பாடிக்கும் அதுக்கும் கரண்ட் போக தடிமனான பட்டை போடணும். போடலன்னா ஸ்டார்ட் பண்ணும்போது அவ்வளவு கரண்ட்டும் ஆக்ஸிலரேட்டர் கேபிள், சோக் கேபிள் வழியா போய் கேபிள் சூடாகி உருகி உள்ளயே ஒட்டிக்கும். ஆக்ஸிலரேட்டர் திறந்த நிலைல ஒட்டிக்கிட்டா என்ன ஆகும்னு யோசிங்க. இதோட சேத்து சொல்லிடுறேன், கார்ப்ரேட்டர் திரும்புற ஸ்பிரிங் ரெண்டு போடுங்க, ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு இழுக்கணும். பெடல ஒருத்தர் முழுசா மிதிக்க இன்னொருத்தர் கார்ப்ரேட்டர் வாய முழுசா திறக்குதான்னு எட்டி பாருங்க.

பெட்ரோல் லைன்ல ஒரே விதி, கார்ப்ரேட்டருக்கு பிரஷர் பிடிக்காது. மூணுல இருந்து நாலு பிஎஸ்ஐ போதும். இன்ஜெக்‌ஷன் கார் பம்ப் நாப்பது பிஎஸ்ஐ பக்கம் குடுக்கும், அத மாட்டினா கார்ப்ரேட்டருக்குள்ள பெட்ரோல தடுக்கிற நீடில் வால்வால அடைச்சு நிறுத்த முடியாம பெட்ரோல் மேல வழிஞ்சு சூடான சைலன்சர் மேல ஊத்தும். இன்ஜின்லயே மெக்கானிக்கல் பம்ப் இருந்தா அதே போதும், பம்ப் அடில இருக்கிற ஸ்பேசர் தடிமன மட்டும் மாத்திடாதீங்க, அது தான் ஸ்ட்ரோக்க முடிவு பண்ணுது. எலக்ட்ரிக் பம்ப் வச்சா லோ பிரஷர் வகை வாங்கி, இன்ஜின் நின்னா பம்ப்பும் நிக்கிற மாதிரி ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியா ரிலே போடுங்க, விபத்துல கவிழ்ந்த வண்டில பம்ப் ஓடிட்டே இருக்க கூடாது. பழைய ரப்பர் ஹோஸ் எல்லாத்தையும் தூக்கி போட்டுட்டு எத்தனால் தாங்குற புது ஹோஸ் போடுங்க, சைலன்சர விட்டு தள்ளியே கொண்டு போங்க. கார்ப்ரேட்டருக்கும் மேனிஃபோல்ட்டுக்கும் நடுவுல பேக்கலைட் ஸ்பேசர் இருக்கணும், இல்லன்னா சூட்டுல பெட்ரோல் கொதிச்சு வண்டி நின்னதுக்கு அப்புறம் ஸ்டார்ட் ஆகாது.

கார்ப்ரேட்டர் எவ்வளவு பெருசு வேணும்னு ஒரு சின்ன கணக்கு. 1500 சிசி இன்ஜின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை அந்த 1.5 லிட்டர் காத்த இழுக்கும், 6000 ஆர்பிஎம்ல நிமிஷத்துக்கு 4500 லிட்டர், சிலிண்டர் முழுசா நிரம்பாதுங்கறதால 85 சதவீதம்னு வச்சா சுமார் 3800 லிட்டர், அமெரிக்க கணக்குல 135 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு கன அடி). இவ்வளவு தான் வேணும். இத விட ரொம்ப பெருசு போட்டா வென்சூரில (கார்ப்ரேட்டரோட குறுகின தொண்டை) காத்து வேகம் குறையும், வேகம் குறைஞ்சா ஜெட்ல (பெட்ரோல் வர்ற சின்ன துளை) இருந்து பெட்ரோல உறிஞ்சுற இழுப்பு குறையும், பெட்ரோல் பொடியாகாம சொட்டா போகும், ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா இன்ஜின் முங்கி எந்திரிக்கும். வெபர் 32/36 மாதிரி ரெண்டு வாய் கார்ப்ரேட்டர் இவ்வளவு பேருக்கு ஏன் பிடிச்சிருக்குன்னா சாதாரணமா ஓட்டும்போது 32 மிமீ சின்ன வாய் மட்டும் வேலை செய்யும், அழுத்தி மிதிச்சா தான் 36 திறக்கும். அப்புறம் கார்ப்ரேட்டர்ல பெட்ரோல் தேங்குற ஃப்ளோட் கிண்ணம் எந்த பக்கம் பாக்குதுன்னு பாருங்க. குறுக்க உக்காந்த இன்ஜினோட கார்ப்ரேட்டர நீளவாட்டு இன்ஜின்ல அப்படியே வச்சா கிண்ணம் பக்கவாட்டுல வந்துடும், வளைவுல பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி மிஸ்ஸிங் அடிக்கும். கிண்ணம் வண்டியோட முன்பக்கம் பாத்து இருக்கிறது நல்லது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி பிளக் நாலும் கழட்டிட்டு, காயில் கனெக்‌ஷன எடுத்துட்டு, ஆயில் பிரஷர் லைட் அணையுற வரைக்கும் ஸ்டார்ட்டர்ல சுத்துங்க. ஃபயரிங் ஆர்டர் பெரும்பாலும் 1-3-4-2, ஆனா 1-2-4-3 இன்ஜினும் இருக்கு, உங்க மேனுவல பாருங்க, டிஸ்ட்ரிபியூட்டர் எந்த பக்கம் சுத்துதுன்னும் பாருங்க. மேனுவல்ல வேற சொல்லலன்னா டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கிற பாயிண்ட் இடைவெளி 0.40ல இருந்து 0.50 மிமீ, ஸ்பார்க் டைமிங் பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு 8 டிகிரி முன்னாடி வச்சு ஆரம்பிக்கலாம். ஸ்டார்ட் ஆனதும் பிக்கப் பாக்க ரேஸ் பண்ணாதீங்க, பெட்ரோல் லீக், ஆயில் லீக், தண்ணி லீக் மூணையும் டார்ச் அடிச்சு பாருங்க. ஹீட்டர் வால்வ திறந்து வச்சு கூலண்ட்ல இருக்கிற காத்து முழுசா வெளிய போற வரைக்கும் ஊத்துங்க. தெர்மோஸ்டாட்ட கழட்டிட்டா கூலா ஓடும்னு சொல்றத கேக்காதீங்க, அது இல்லன்னா குளிர்ந்த இன்ஜின் சூடே ஏறாம ஆயில் கெட்டு போர் தேயும். சூடு தாங்கலன்னா பெரிய ரேடியேட்டர் கோர் போடுங்க, ஃபேனுக்கு கவர் போடுங்க, அது தான் வழி.

ட்யூனிங்குக்கு ஒரு வரிசை இருக்கு. முதல்ல டேப்பெட் (வால்வு இடைவெளி), அப்புறம் இக்னிஷன், கடைசில கார்ப்ரேட்டர். கார்ப்ரேட்டர் கோளாறுன்னு கழட்டுறதுல பாதி உண்மைல இக்னிஷன் கோளாறு. டிஸ்ட்ரிபியூட்டருக்கு போற வேக்யூம் அட்வான்ஸ் ஹோஸ கழட்டி அடைச்சிட்டு டைமிங் லைட் புடிங்க, 3000 ஆர்பிஎம் தாண்டி டைமிங் மொத்தம் 30ல இருந்து 34 டிகிரிக்குள்ள நிக்கணும், நாக்கிங் சத்தம் கேட்டா உடனே குறைங்க.

கார்ப்ரேட்டர்ல ஃப்ளோட் உயரம் சரி பண்ணாம ஜெட்ட தொடாதீங்க. அடுத்து ஐடிலிங், மிக்ஸ்சர் ஸ்க்ரூவ இன்ஜின் தடுமாறுற வரைக்கும் உள்ள திருப்பி, அப்புறம் ஆர்பிஎம் அதிகமா வர்ற இடம் வரைக்கும் வெளிய எடுங்க. வெபர்ல அந்த இடம் ரெண்டு சுத்துக்கு மேல வெளிய வந்தா ஐடில் ஜெட் சின்னது, ஒரு சுத்துக்குள்ளயே வந்தா பெருசு. அப்புறம் தான் மெயின் ஜெட். ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்துங்க, மாத்தினத எழுதி வைங்க. மிதிச்ச உடனே ஒரு நொடி இழுக்காம அப்புறம் பிடிச்சா ஆக்ஸிலரேட்டர் பம்ப்ப பாருங்க, மேட்டுல முழுசா மிதிச்சா இழுக்காம சூடு ஏறினா மெயின் ஜெட் சின்னது, கருப்பு புகையும் பெட்ரோல் வாடையும் வந்தா பெருசு. பிளக் நுனி வெளிர் பழுப்பா இருந்தா நல்லது, வெள்ளையா இருந்தா பெட்ரோல் பத்தல, கரி மாதிரி இருந்தா அதிகம். இன்னும் துல்லியமா வேணும்னா சைலன்சர் பைப்ல ஒரு நட்டு வெல்டிங் பண்ணி வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் மாட்டுங்க, செலவு பண்ண தகுதியான பொருள். முழு பவர்ல ஒரு பங்கு பெட்ரோலுக்கு காத்து 12.5ல இருந்து 13 பங்கு வரைக்கும், நிதானமா போகும்போது 14.7 பக்கம் இருக்கட்டும். பெட்ரோல் பத்தாம முழு மிதில ஓட்டினா பிஸ்டன் உருகும், அதனால ஆரம்பத்துல கொஞ்சம் அதிகமாவே வச்சு மெதுவா குறைங்க.

பிரேக்க கடைசில எழுதுறேன் ஆனா வேலைல இது முதல்ல முடியணும், இன்ஜின் இறக்கறதுக்கு முன்னாடியே. மணிக்கு 80 கிலோமீட்டர்ல போன கார் இப்ப 110ல போகும், நிறுத்த வேண்டிய சக்தி வேகத்தோட வர்க்கமா ஏறும், 80க்கும் 110க்கும் நடுவுல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதே குடும்பத்து பெரிய மாடல்ல வந்த முன் டிஸ்க்கும் மாஸ்டர் சிலிண்டரும் பல நேரம் அப்படியே மாட்டும். பூஸ்டர் வச்சா மேனிஃபோல்ட்ல இருந்து வர்ற வேக்யூம் ஹோஸ்ல ஒன்வே வால்வு இருக்கணும். முன்பக்கம் வெயிட் கூடியிருந்தா ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் பாருங்க, டயர் பழசா இருந்தா மாத்துங்க. இன்ஜின் நம்பர் மாறினத பதிவுலயும் இன்சூரன்ஸ்லயும் ஏத்தறதுக்கு உங்க ஊர் விதி என்னன்னு இன்ஜின் வாங்கறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க, சில இடத்துல சிசி கூடினாலே தனி அனுமதி வேணும்.

முதல் சில நூறு கிலோமீட்டர் டூல் பாக்ஸ் டிக்கில இருக்கட்டும். அதுக்கு அப்புறம் மவுன்ட் போல்ட், மேனிஃபோல்ட் நட், ஹோஸ் கிளிப் எல்லாத்தையும் திரும்ப இறுக்கி, ஆயிலும் ஃபில்டரும் மாத்தி, வடிச்ச ஆயில்ல உலோக துகள் மினுங்குதான்னு வெளிச்சத்துல பாத்துடுங்க.